பழைய டொல்பினுக்குப் புதுச் சொக்

தங்கச்சி, அந்தச் சொக்கை வாங்கிவிடாதே. ஒரு கிழமை பொறு.

நேற்று நீ தொலைபேசியில் சொன்னதிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. "அக்கா, வான் பின்னுக்கு இருந்துபோச்சு. கிடங்கில விழுந்தா டக்கெண்டு அடிக்குது. கடையில லொறிக்குப் போடுற நல்ல இறுக்கமான சொக் இருக்காம், போட்டா இனி ஆயுசுக்கும் மாத்தத் தேவையில்லையாம்" என்றாய். இதே கதையை ஏழு வருசத்துக்கு முதல் நானும் அத்தானும் ஒரு கடையில் கேட்டோம். நம்பினோம். நாலும் வாங்கிப் பூட்டினோம். புளியம்பொக்கணை நாகதம்பிரான் பொங்கலுக்குப் போய்வந்த அன்றிரவு அம்மா ஒருக்களித்துக்கூடப் படுக்க முடியாமல் விடியும்வரை இருந்தபடியே இருந்தா. 2009 போரில் முதுகில் ஏறிய இரும்புத் துண்டு அவவுக்குள் இன்னும் இருக்கிறது. தசையோடு சேர்ந்துபோன இரும்பை எடுக்கப்போனால் நரம்புக்கு ஆபத்து என்று டொக்டர்மார் விட்டுவிட்டார்கள். அந்த முதுகோடுதான் அவ நாங்கள் பூட்டின இறுக்கமான சொக்குக்கு மேலே நாற்பது கிலோமீற்றர் கிரவல் றோட்டில் வந்திருக்கிறா. மூன்றாம் மாதம் பின்பக்கச் சொக்கின் மேல்தாங்கி சேசிஸ் ஓரத்தில் வெடித்து நின்றது. வான் ஆடவில்லை, அது உண்மை. ஆட்டம் முழுக்க வானின் உடம்புக்குள்ளும் அம்மாவின் உடம்புக்குள்ளும் போயிருந்தது.

அதற்குப் பிறகு நான் படித்தது எல்லாவற்றையும் உனக்கு எழுதுகிறேன். வான் இப்போது உன் வீட்டில் நிற்கிறது, அம்மாவும் உன்னோடு இருக்கிறா. கவனமாக வாசி.

முதலில் உன் வான் என்ன வான் என்று தெரிந்துகொள். ரொயோட்டா ஹையேஸ் 1989 இல் இந்த வட்டமான வடிவத்துக்கு மாறியது. இலங்கையில் அதற்கு டொல்பின் என்று பெயர் விழுந்தது. 2004 இல் அடுத்த வடிவம் வந்தது. அதைத்தான் நாங்கள் கேடிஎச் என்கிறோம். ஆக, எவ்வளவு இளமையான டொல்பின் என்றாலும் அதற்கு இருபது வயது கடந்துவிட்டது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். அந்த ஐந்து வருசமும் பழைய வானை வைத்துத் திருத்தி ஓடினதால்தான் வன்னியில் எத்தனையோ குடும்பம் கிளினிக்குக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்வந்தது. அதனால் பழசு என்று அதைக் குறைவாக நினைக்காதே. முறையாகக் கவனித்தால் இன்னும் ஓடும்.

உன்னுடையது எல்எச் 113. முன்னுக்கு டோர்ஷன் பார், அதாவது முறுகி நிமிரும் நீளக் கம்பி. பின்னுக்கு ஸ்பிரிங் தகடு. பின்னிருக்கை இரண்டு வரிசையைக் கழற்றிவிட்டு அத்தான் பலகைக் கட்டில் அடித்து, கட்டிலுக்குக் கீழே பானை சட்டி, அடுப்பு, பாய் எல்லாம் வைக்க இழுப்பறை செய்து தந்தார். கதிர்காமம், மடு, வற்றாப்பளை என்று எங்கு போனாலும் அதற்குள்ளேயே சமையல், அதற்குள்ளேயே படுக்கை. ஜேர்மனியிலிருக்கிற அண்ணா படத்தைப் பார்த்துவிட்டு, "இது வோன்மொபில்தான்டி" என்றார். அங்கே மனிதர் வீடு மாதிரி கட்டி வைத்து ஓடும் வானுக்கு அதுதான் பெயர். அண்ணாவும் ஒரு பழைய ஃபியட் டுக்காட்டோ வைத்திருக்கிறார். அதற்கும் பின்னுக்கு எங்களுடையது போலத் தகட்டு ஸ்பிரிங்தான். சொக் மாற்ற அவர் கராச்சுக்குப் போனபோது முதற்கேள்வி கொம்பனி எது என்பதில்லையாம். "ஆட்கள், தண்ணீர், சாமானோடு உன் வான் எத்தனை கிலோ?" என்று கேட்டார்களாம். இந்தக் கேள்விதான் எனக்குக் கண்ணைத் திறந்தது. சாதாரண வான் காலையில் பாரம் ஏற்றி மாலையில் இறக்கும். கட்டிலும் அலுமாரியும் அடித்த வான் இரவும் பகலும் பாரத்தோடுதான் நிற்கும். அதற்குச் சொக் தெரிவுசெய்யும் விதமும் வேறு.

சொக் என்ன செய்கிறது என்பதை ஒருமுறை விளங்கிக்கொண்டால் கடையில் யாரும் உன்னை ஏமாற்ற முடியாது. வானின் பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங் தகடும் டோர்ஷன் பாரும். சொக் பாரம் தாங்குவதில்லை. கிடங்கில் விழுந்த சில்லு மேலெழும்பும்போது ஸ்பிரிங் அமுங்கும், பிறகு விரியும், பிறகும் அமுங்கும். தடுக்க ஒன்றும் இல்லாவிட்டால் ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். சொக்குக்குள் எண்ணெய் இருக்கிறது, எண்ணெய்க்குள் சிறு துளைகள் உள்ள பிஸ்டன் மேலும் கீழும் போகிறது. துளை வழியாக எண்ணெய் நெருக்குப்பட்டுப் போகும்போது ஆட்டம் சூடாக மாறி வெளியேறிவிடும். அவ்வளவுதான் அதன் வேலை. ஆகவே, "வான் பின்னுக்கு இருந்துபோச்சு" என்று நீ சொன்னாயே, அதற்கும் சொக்குக்கும் தொடர்பில்லை. அது தகடு தளர்ந்த கதை. புதுச் சொக் நாலு பூட்டினாலும் வான் ஒரு விரற்கடை உயராது.

அதனால் காசை எடுக்க முதல் வானுக்குக் கீழே படு. உன் கணவர் வேலையால் வந்தபிறகு பார்ப்போம் என்று விடாதே, நீயே படுத்துப் பார். பழைய உரப்பை ஒன்றை விரி. ஜாக்கில் மட்டும் நிற்கிற வானுக்குக் கீழே ஒருநாளும் போகக்கூடாது. சில்லு நாலும் நிலத்தில் இருக்கட்டும், முன்னும் பின்னும் கல் வை, கைப்பிரேக்கை இழு.

முதலில் ரயரைத் தடவு. உள்ளங்கையைச் சுற்றிவரக் கொண்டுபோனால் ஓரிடம் பள்ளம், ஓரிடம் மேடு என்று தட்டுப்பட்டால் சில்லு நிலத்தில் ஒட்டாமல் துள்ளித் துள்ளி ஓடியிருக்கிறது. அது சொக் போனதற்கு நல்ல சாட்சி. ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அது அலைன்மென்ற் அல்லது போல் ஜொயின்ற் விசயம், சொக்கைக் குற்றம் சொல்லாதே. பிறகு ஸ்பிரிங் தகட்டைப் பார். ஒரு தகடு வெடித்திருந்தால் வெடிப்பில் துரு செங்கோடாகத் தெரியும். தகட்டின் இரு நுனியிலுமுள்ள புஷ் தேய்ந்திருந்தாலும் நீ சொல்கிற அதே டக் டக் வரும். சொக்கின் மேலும் கீழும் உள்ள ரப்பர் புஷ்ஷைப் பிடித்து ஆட்டு. ரப்பர் வெடித்து ஆணி ஆடினால் சத்தம் அங்கிருந்தும் வரலாம். புஷ்ஷுக்குப் போகும் காசு சொக்குக்குப் போவதில் பத்திலொரு பங்குகூட இராது.

இனிச் சொக். அதன் உடம்பில் எண்ணெய் இருக்கிறதா? வன்னியில் இதைக் கண்டுபிடிக்கக் கஷ்டமே இல்லை, எங்களுடைய செம்மண் புழுதியே காட்டிக்கொடுக்கும். மேற்பக்கம் மெல்லிய ஈரப்பூச்சு மாதிரி இருந்தால் பயப்படாதே, தண்டு ஏறி இறங்கும்போது அவ்வளவு வரும். எண்ணெய் வழிந்து கீழ்வரை இறங்கி, அதில் புழுதி சேறாகத் திரண்டிருந்தால் சீல் போய்விட்டது. தண்டில் கீறலோ துருவோ இருந்தாலும் அப்படித்தான். கொக்கிளாய், முல்லைத்தீவுக் கரையோரம் மீன் வாடிப் பக்கம் அடிக்கடி ஓடுகிற வான்களில் உப்புத் தண்ணீர் பட்டுத் தண்டு சீக்கிரம் துருப்பிடிக்கும்.

வானின் மூலையை அமுக்கிவிட்டுக் கையை எடு, ஒன்றரைத் தரத்துக்கு மேல் ஆடினால் சொக் போச்சு என்று எல்லோரும் சொல்வார்கள். காருக்கு அது சரி. கட்டிலும் தண்ணீர்க் கானும் ஏற்றின டொல்பினை நீ அமுக்கி அசைக்க முடியாது, அசைந்தாலும் ஒன்றும் தெரியாது. அதற்குப் பதில் இதைச் செய்: கிரவல் றோட்டில் பத்துக் கிலோமீற்றர் ஓடிவிட்டு உடனே நிறுத்தி, புறங்கையால் நாலு சொக்கையும் மெல்லத் தொட்டுப் பார். சைலன்சர் குழாய் கிட்ட இருக்கும், அதில் கை பட்டுவிடாதே. வேலை செய்த சொக் சூடாக இருக்கும். மூன்று சூடாகவும் ஒன்று குளிராகவும் இருந்தால், குளிராக இருப்பது செத்துவிட்டது. ஆட்டத்தை விழுங்கியிருந்தால் அது சூடேறியிருக்க வேண்டுமே. எனக்கு இதைவிட நம்பிக்கையான சோதனை வேறு கிடைக்கவில்லை.

ஓடும்போதும் கவனி. பிரேக் பிடித்தால் மூக்குக் குத்துகிறதா? பூநகரிப் பக்கம் சங்குப்பிட்டிப் பாலத்தில் சோளகம் அடிக்கும்போது வான் காற்றோடு சாய்ந்து, திரும்பி நிமிர நேரமெடுக்கிறதா? ஏ9 இல் லொறி ஒன்று முந்திக்கொண்டு போனபிறகு உன் வான் இரண்டு மூன்று தரம் அசைகிறதா? அப்படியென்றால் நேரம் வந்துவிட்டது. சொக் கொம்பனிகள் 80,000 கிலோமீற்றருக்கு ஒருதரம் சோதிக்கச் சொல்லும். அது நல்ல தார் றோட்டுக்குச் சொன்ன கணக்கு. எங்கள் பக்கம் நான் வருசத்துக்கு இரண்டுதரம் பார்ப்பேன்: மாரி தொடங்க முதல் புரட்டாதியில் ஒன்று, காலபோக அறுவடை முடிந்து நெல் லொறியும் உழவு இயந்திரமும் வயற் றோட்டைக் கிண்டிப்போட்ட பிறகு ஒன்று.

இனி எடை. இதைத் தவறவிடாதே, மற்றதெல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் பெரிய அரிசி ஆலைகளில் லொறியோடு நெல்லை நிறுக்கிற தராசு இருக்கிறது. அறுவடைக் காலத்தில் போகாதே, வரிசை நிற்கும். மற்ற நேரத்தில் தன்மையாகக் கேட்டால் நிறுத்துத் தருவார்கள். கோயிலுக்குப் போவது மாதிரியே வானை நிரப்பிக்கொண்டு போ: ஆட்கள், தண்ணீர், அடுப்பு, பாய், கூரையில் கட்டும் சாமான், எல்லாம். முதலில் முன்சில்லு இரண்டை மட்டும் தராசில் ஏற்றி ஒரு தொகை எழுது. பிறகு முழு வானையும் ஏற்று. பிறகு முன்சில்லு இறங்கிப் பின்சில்லு மட்டும் நிற்கும்போது எழுது. மூன்று தொகையும் உன் கையில் இருக்கவேண்டும். வானின் பதிவுச் சான்றிதழில் வெற்று எடையும் மொத்த எடையும் போட்டிருக்கும். அதோடு ஒப்பிட்டுப் பார்.

நாங்கள் கடைசியாகக் கதிர்காமம் போனபோது நான் கொப்பியில் கூட்டினதைச் சொல்கிறேன். ஒன்பது பேர், ஆளுக்கு 55 கிலோ என்றாலும் 495. இருபது லீற்றர்க் கான் நாலு, தண்ணீர் மட்டும் 80 கிலோ. காஸ் சிலிண்டரில் காஸ் 12.5 கிலோ, இரும்போடு சேர்த்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கட்டிலும் இழுப்பறையும் 60. அரிசி, தேங்காய், பானை, உடுப்பு எல்லாம் சேர்த்து 100க்குக் குறையாது. எழுநூற்றறுபது கிலோ வந்துவிட்டது, அதில் பெரும்பங்கு பின்னச்சின் மேல். வான் பின்னுக்கு இருக்காமல் என்ன செய்யும்! அன்றைக்கே நான் தண்ணீர்க் கான் மூன்றை முன்னிருக்கைக்குப் பின்னால் மாற்றி வைத்தேன். வான் நிமிர்ந்தது. ஒரு சதம் செலவில்லை. கூரையில் பாரம் ஏற்றுவதையும் குறை. உயரத்தில் ஏறும் ஒவ்வொரு கிலோவும் வளைவில் வானைச் சரிக்கும், அந்தச் சரிவைப் பிடித்து நிறுத்தச் சொக் கூடுதலாக உழைக்க வேண்டிவரும்.

எடை தெரிந்தபிறகு தெரிவு சுகம். பின்னச்சு எப்போதும் பாரமாக இருந்தால் முதலில் ஸ்பிரிங் கடையில் தகட்டை வளைத்துச் சரிசெய்வி, அல்லது மேலதிகமாக ஒரு தகடு போடுவி. சொக்கைத் தகட்டுக்கு ஏற்றபடி எடு. மாறிச் செய்தால், அதாவது தகட்டைத் தளர்ந்தபடி விட்டுவிட்டுச் சொக்கை இறுக்கமாக எடுத்தால், நாங்கள் செய்த பிழையைத்தான் நீயும் செய்வாய். இறுக்கமான சொக் அமுங்கும்போதும் இறுக்கம், விரியும்போதும் இறுக்கம். கிரவலில் அடுத்தடுத்துக் கிடங்கு வரும்போது ஸ்பிரிங் விரிய நேரம் கிடைக்காமல் ஒவ்வொரு கிடங்கிலும் இன்னும் கொஞ்சம் அமுங்கி அமுங்கி, கடைசியில் தகடு ரப்பர்க் கட்டையில் இடிக்கும். இறுக்கமான சொக் போட்டபிறகும் ஏன் இடிக்கிறது என்று நாங்கள் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தது இதனால்தான்.

முன்னுக்கு இருந்துபோயிருந்தால் டோர்ஷன் பாரின் பின்னுனியிலுள்ள போல்ற்றைத் திருகி உயர்த்தலாம். தெரிந்த மெக்கானிக்கைக் கொண்டே செய்வி. இரண்டு பக்கமும் ஒரே உயரத்துக்கு வரவேண்டும், செய்த கையோடு அலைன்மென்ற்றும் பார்க்கவேண்டும்.

சொக்கில் மூன்று வகை உன் கண்ணுக்குப் படும். வெறும் எண்ணெய்ச் சொக் ஒன்று. குழாய்க்குள் குழாயாக இருந்து மேலே கொஞ்சம் நைதரசன் காஸ் அடைத்தது இரண்டாவது. ஒரே தடித்த குழாயில் அதிக அமுக்கத்தில் காஸ் அடைத்தது மூன்றாவது. காஸ் எதற்கு என்றால், சோடாப் போத்தலை நினைத்துப் பார். மூடி இறுக்கி இருக்கும்வரை நுரைக்காது, திறந்தால் பொங்கும். சொக்குக்குள் எண்ணெய் வேகமாக அடிபடும்போதும் அப்படித்தான் நுரை வரும். நுரைத்த எண்ணெய் துளையால் சும்மா ஓடிவிடும், பிடிக்காது. காஸின் அமுக்கம் மூடி மாதிரி நின்று நுரைக்க விடாது. எங்கள் கிரவல் றோட்டில் வெயிற்காலத்தில் அலை அலையாக வரி விழுந்திருக்குமே, அதில் ஓடும்போது சொக் நிமிசத்துக்கு நூற்றுக்கணக்கான தரம் சின்னச் சின்னதாக அடிக்கும், எண்ணெய் நன்றாகச் சூடேறும். வெறும் எண்ணெய்ச் சொக் அந்த இடத்தில் களைத்துப்போகும்.

அப்படியென்றால் மூன்றாவதுதான் சிறந்தது என்று சொல்வார்கள். சூட்டை வெளியேற்றுவதில் அது கெட்டிதான். 1950களில் பிரான்சின் டி கார்பன் கண்டுபிடித்ததை 1957 இல் ஜேர்மனியின் பில்ஸ்டைன் மெர்சிடிஸ் கார்களுக்குச் செய்து கொடுத்தது, இன்றைக்கும் பந்தயக் கார்களில் அந்த வகைதான். ஆனால் அதில் பிஸ்டன் வெளிக்குழாயின் உட்சுவரோடு உரசித்தான் ஓடுகிறது. றோட்டுக் கல் ஒன்று தெறித்து வெளிக்குழாயில் ஒரு நெளிவு விழுந்தாலே பிஸ்டன் அங்கே சிக்கிவிடும். குழாய்க்குள் குழாய் உள்ளதில் வெளிக்குழாய் நெளிந்தாலும் உள்ளே வேலை நடக்கும். ஒட்டுசுட்டான் நெடுங்கேணிப் பக்கமும் வயலோரமும் ஓடும் வானுக்கு என் தெரிவு, குழாய்க்குள் குழாயான காஸ் சொக். அதே வானுக்கென்று கொம்பனி செய்த அளவு. இறுக்கம் கொம்பனி வைத்தது, அல்லது பின்னுக்கு மட்டும் அதைவிட ஒரு படி கூட. லொறிச் சொக் வேண்டவே வேண்டாம்.

கடைக்குப் போகும்போது மூன்று சாமான் கொண்டுபோ: சேசிஸ் நம்பர் எழுதிய துண்டு, எடைத் துண்டு, பழைய சொக்கில் முன்னொன்று பின்னொன்று. டொல்பின் என்று மட்டும் சொன்னால் எதையாவது எடுத்துத் தருவார்கள். டொல்பினிலேயே பின்னுக்குத் தகடு உள்ளதும் சுருள் ஸ்பிரிங் உள்ளதும் இருக்கின்றன. இரண்டுக்கும் சொக் வேறு. பழையதையும் புதியதையும் பக்கத்தில் நிறுத்தி, முழுக்க இழுத்த நீளத்தையும் முழுக்க அமுக்கிய நீளத்தையும் டேப்பால் அள. அமுக்கிய நீளம் கூடினால் ஸ்பிரிங் முழுக்க அமுங்க முதல் சொக் அடிமுட்டும், முட்டின முட்டில் தாங்கி வெடிக்கும். இழுத்த நீளம் குறைந்தால் சில்லு கிடங்கில் இறங்கும்போது சொக்கே கயிறு மாதிரித் தொங்கி சீலைப் பிய்த்துக்கொள்ளும். நுனி வளையமா ஆணியா, வளையத்தின் உள்விட்டம் என்ன என்பதையும் பார். தேய்ந்த பழையதை அளவுக்கு எடுக்கும்போது கவனம், முதல் ஆள் பிழையான சொக் போட்டிருந்தால் நீயும் அதே பிழையை அளந்து வாங்குவாய். அதனால்தான் சேசிஸ் நம்பர்.

ஜப்பான் கேவைபி சொக்கை எல்லாக் கடையிலும் காட்டுவார்கள். 1919 இல் கயாபா என்பவர் தொடங்கின ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த கொம்பனி அது. அதன் பெட்டியில் ஓர் எண் இருக்கும். பெரும்பாலும் 3 இல் தொடங்கினால் குழாய்க்குள் குழாயான காஸ், 4 இல் தொடங்கினால் வெறும் எண்ணெய், 5 இல் தொடங்கினால் ஒற்றைக் குழாய்க் காஸ். கடைக்காரர் காஸ் என்று சொல்லி 4 ஐத் தந்தால் உனக்குத் தெரியவேண்டும். பெட்டியிலுள்ள எண் சொக்கின் உடம்பிலும் இருக்கிறதா என்று பார். பெட்டி எழுத்து மங்கல், உடம்பில் எண் இல்லை, ஒட்டு வேலை முடிச்சு முடிச்சாக இருக்கிறது என்றால் வை, வெளியே வா. நல்ல பெயருள்ள கொம்பனிக்கெல்லாம் போலி வருகிறது. காஸ் சொக்கை வாங்கும்போது கட்டியிருக்கும் பட்டியை ஒன்றில் அவிழ்க்கச் சொல். தண்டு தானாக, ஒரே வேகத்தில் வெளியே வரவேண்டும். கையால் அமுக்கினால் தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே இறுக்கம் இருக்கவேண்டும், நடுவில் வெறுமையாகச் சறுக்கக் கூடாது. பில் வாங்கு. பில்லில் எண்ணை எழுதுவி.

வவுனியாவில் கிடைக்காவிட்டால் கொழும்பில் பஞ்சிகாவத்தையில் கிடைக்கும். ஆனால் அங்கே கழற்றின ஜப்பான் சொக் மலிவாகக் குவிந்திருக்கும், அதில் ஆசை வைக்காதே. இயந்திரம், கதவு, கண்ணாடி எல்லாம் பழசு வாங்கலாம். சொக்கின் உயிர் எண்ணெயிலும் சீலிலும் இருக்கிறது, இரண்டும் வெளியிலிருந்து பார்த்துத் தெரியாதவை. எண்ணெய் விட்டு, காஸ் அடித்துத் திருத்தித் தருகிற இடங்களும் உண்டு. புதுச் சீல் போட்டு, இரண்டு பக்கமும் ஒரே மாதிரிப் பிடிக்கிறது என்று கருவியில் காட்டித் தருகிறவர் என்றால், வேறு வழியில்லாத நேரத்தில் செய்விக்கலாம். துளை போட்டு எண்ணெயை ஊற்றி ஒட்டித் தருகிறவரிடம் போகாதே. இன்னொன்று: பழைய காஸ் சொக்கை வீட்டில் துளைக்கவோ வெட்டவோ நெருப்பில் போடவோ விடக்கூடாது. உள்ளே அமுக்கம் இருக்கிறது, பிள்ளைகள் விளையாடுகிற வளவு.

காசு போதாவிட்டால் நாலையும் ஒன்றாக மாற்ற வேண்டியதில்லை. ஆனால் ஒரு அச்சில் இரண்டும் ஒன்றாக. இடது புதுசு, வலது பழசு என்றால் பிரேக் பிடிக்கும்போது வான் ஒருபக்கம் இழுக்கும். உன் வானுக்கு முதலில் பின்னிரண்டு, அடுத்த போகம் முன்னிரண்டு.

பூட்டும்போது நீ பக்கத்தில் நில். நல்ல மெக்கானிக் அதைத் தப்பாக எடுக்கமாட்டார். புதுச் சொக் கடையில் படுக்கையாகக் கிடந்திருக்கும், காற்று எண்ணெயோடு கலந்திருக்கும்; நிமிர்த்திப் பிடித்து நாலைந்து தரம் முழுக்க அமுக்கி இழுத்த பிறகே பூட்டவேண்டும். மினுங்கும் தண்டைக் குறட்டால் பிடிக்க விடாதே, ஒரு கீறல் போதும், அந்தக் கீறல் ஒவ்வொரு தரமும் சீலை அரம் மாதிரி அராவும். புஷ் எல்லாம் புதுசாகப் போடுவி. முக்கியமானது, கீழ்வளையத்தின் போல்ற்றை வான் ஜாக்கில் தொங்கும்போது இறுக்கக் கூடாது. சில்லு நிலத்தில் இறங்கி வான் தன் உயரத்தில் நிற்கும்போதே கடைசி இறுக்கம். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் புஷ் முறுகினபடியே நின்று சில மாதத்தில் கிழிந்துவிடும். எங்களுக்கு ஒருதரம் அப்படிப் போனது.

பூட்டின மறுநாள் அம்மாவை ஏற்றாதே. நீயும் அவரும் மட்டும் முறிகண்டிவரை போங்கள். ஏ9 இல் ஒரு துண்டு, பக்கத்துக் கிரவலில் ஒரு துண்டு ஓடுங்கள். பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தும் நேரத்தில் வான் நிற்குமே, அப்போது புறங்கையால் நாலையும் தொட்டுப் பார். இரண்டிரண்டாக ஒரே சூடு இருந்தால் சரி. நூறு கிலோமீற்றர் ஓடினபிறகு போல்ற் எல்லாவற்றிலும் மறுபடி சாவி வைத்துப் பார்க்கச் சொல். மாரியில் வெள்ளத்துக்குள்ளால் வந்த நாட்களில் வீட்டுக்கு வந்ததும் சொக்குகளில் ஒரு வாளி நல்ல தண்ணீர் ஊற்றிச் சேற்றைக் கழுவு, காய்ந்த சேறுதான் சீலைத் தின்னும்.

பிறகு அம்மாவைக் கட்டிலில் படுக்கவைத்து யாழ்ப்பாணம் கிளினிக்குக்குக் கொண்டுபோ. போகும்போது அவவிடம் ஒன்றும் கேட்காதே, கேட்டால் உன் மனம் நோகாமல் "நல்லாக் கிடக்கு பிள்ளை" என்றுதான் சொல்லுவா. கண்ணாடியில் அவவின் கையைப் பார். கிடங்கு வரும்போது கட்டில் விளிம்பை இறுக்கிப் பிடிக்கிறாவா, இல்லையா. அதை எனக்குச் சொல். வரும்போது முறிகண்டியில் எனக்கும் ஒரு சரை கச்சான் வாங்கி வை, அடுத்த கிழமை நான் வருகிறேன்.